கட்டுரையின் அடியில் நிற்கும் சில வரிகள்: தமிழ் விக்கிப்பீடியாவின் ‘வெளி இணைப்புகள்’ பகுதி குறித்து ஒரு மதிப்புரை

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது அதன் அடிப்பகுதியைத்தான். மேற்கோள்கள் முடிந்து பகுப்புகள் தொடங்குவதற்கு முன்னால், ‘வெளி இணைப்புகள்’ என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரியோ இருபது வரியோ நிற்கும். எழுதியவர் அந்தப் பொருளை எவ்வளவு தூரம் தேடிப் பார்த்தார், படித்து முடித்தவரை அடுத்து எங்கே அனுப்ப விரும்பினார் என்பது அங்கேதான் தெரியவரும். 2003 செப்டம்பரில் தொடங்கி, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்ட இந்தக் கலைக்களஞ்சியத்தை அதன் கட்டுரைகளை வைத்து மதிப்பிட்டவர்கள் பலர். நான் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் தனியொரு சேவையாக எடுத்துக்கொண்டு, அது வாசகருக்கு எதைத் தருகிறது, எங்கே தவறுகிறது, எந்த இணைப்பு அங்கே இருக்கலாம் என்று முடிவு செய்யும் முறை தமிழுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை எழுத விரும்புகிறேன். பல ஆண்டுகளாக அந்தப் பகுதியில் துப்புரவு செய்துவருபவன் என்பதால், இதில் எனக்குச் சொல்ல நிறையவே இருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மேற்கோள் என்பது கட்டுரையில் சொல்லப்பட்ட ஒரு செய்திக்கான சான்று. வெளி இணைப்பு எதற்கும் சான்று அன்று. கட்டுரைக்குள் வைக்க முடியாத ஒன்று இன்னோரிடத்தில் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்று வாசகருக்கு வழிகாட்டுவது. இந்த வேறுபாட்டை மறந்து, கட்டுரை எழுதும்போது படித்த தளங்களையெல்லாம் அடியில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிக் கொட்டப்பட்டவற்றில் பாதியை உரிய வாக்கியத்துக்கு அருகில் மேற்கோளாக ஏற்றினாலே கட்டுரையும் வலுப்பெறும், பட்டியலும் சுருங்கும்.

எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்பதற்கு ஆங்கில விக்கிப்பீடியர்கள் பல ஆண்டு விவாதத்தில் உருவாக்கிய வழிகாட்டல் ஒன்று இருக்கிறது. என்னைப் போன்ற பலரும் அதையே அளவுகோலாகக் கொள்கிறோம். அதன் உயிர்நாடியான கேள்வி எளிமையானது: இந்தக் கட்டுரை ஒருநாள் சிறப்புக் கட்டுரை என்ற, விக்கிப்பீடியாவின் மிக உயர்ந்த தரத்துக்கு வளர்ந்துவிட்டால், அப்போதும் இந்த இணைப்பு வாசகருக்குப் புதிதாக எதையாவது தருமா? தரும் என்றால் இருக்கட்டும். தராது என்றால், அந்தத் தளத்தில் இருப்பதைப் படித்துக் கட்டுரையை வளர்ப்பதே முறை. தளத்தைச் சுட்டிவிட்டு நகர்வது முறையன்று. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பத்தில் எட்டு இணைப்புகளைப் பற்றி யாரிடமும் வாதாட வேண்டியிருக்காது என்பது என் அனுபவம்.

சென்ற மார்கழியில் நான் எடுத்துச் சீர்செய்த ஒரு கட்டுரையைச் சொல்கிறேன். தஞ்சை வட்டாரத்தில் காவிரித் தென்கரையில் உள்ள, தேவாரப் பாடல் பெற்ற தலம் ஒன்றைப் பற்றியது அது. கட்டுரை நான்கு பத்தி. அடியில் பதினொரு இணைப்புகள். அறநிலையத் துறையின் பக்கம் ஒன்று. நவக்கிரகச் சுற்றுலாவுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் இரண்டு. எந்தத் தோஷத்துக்கு அங்கே என்ன பரிகாரம் என்று சொல்லும் சோதிடத் தளம் ஒன்று. யூடியூப் காணொளிகள் இரண்டு. ஒன்று குடமுழுக்கின்போது கைப்பேசியில் எடுத்தது, மற்றொன்று கோபுரத்தை வானிலிருந்து சுற்றிக் காட்டித் திரைப்பாடலைப் பின்னணியில் ஓடவிட்டது. ஒரு முகநூல் குழு. நாளிதழ் ஒன்றின் ஆன்மிகப் பக்கம். கூகுள் வரைபடம். திறக்கவே திறக்காத பழைய தளம் ஒன்று. கடைசியாக, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் வலைப்பூ.

சுற்றுலா நிறுவனங்களையும் சோதிடத் தளத்தையும் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விற்பனைக்காகவே இருக்கும் தளங்கள் எவ்வளவு நல்ல தகவலைத் தந்தாலும் கலைக்களஞ்சியத்தின் அடியில் இடம்பெறக் கூடாது. வரைபடத்துக்கும் தேவையில்லை; கட்டுரையின் ஓரத்தில் உள்ள தகவற்பெட்டியில் ஆள்கூறுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) இட்டால், வாசகர் தமக்கு வேண்டிய வரைபடத்தில் தாமே திறந்துகொள்ளலாம். முகநூல் குழுவுக்குள் உறுப்பினராகச் சேர்ந்தால்தான் எதையும் படிக்க முடியும் என்பதால் அதுவும் போனது. நாளிதழ்ப் பக்கத்தில் இருந்த திருவிழாச் செய்திகளைக் கட்டுரையின் உடலில் சேர்த்து, அந்தப் பக்கத்தை மேற்கோளாக்கினேன். திரைப்பாடல் ஓடும் காணொளியில் அந்தப் பாட்டுக்கு உரிமை பெற்றிருக்கிறார்களா என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை, நீக்கினேன். குடமுழுக்குக் காணொளியில் கோயிலைப் பற்றி அறிந்துகொள்ள எதுவும் இல்லை, அதையும் நீக்கினேன். எடுத்தவருக்கு அது அருமையான நினைவு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நீக்குவதோடு இந்த வேலை முடிந்துவிடுவதில்லை. அந்தப் பதினொன்றில் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய இரண்டு இல்லவே இல்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. ஒன்று, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்களின் உழைப்பில் 2007-இல் வெளிவந்த மின்தேவாரம். பதிகங்களின் மூலம், வி. மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில உரை, தலங்களைக் காட்டும் நிலப்படங்கள், ஓதுவார் பாடிய ஒலிப்பதிவுகள் எனப் பலவும் அதில் உண்டு. ஒரு பாடல் பெற்ற தலத்தைப் பற்றிய கட்டுரை எவ்வளவு சிறப்பாக வளர்ந்தாலும், அந்தத் தலத்துப் பதிகங்கள் முழுவதையும் ஒலியோடும் உரையோடும் தனக்குள் வைத்துக்கொள்ள முடியாது. வெளி இணைப்பு என்ற ஏற்பாடே இதற்காகத்தான். மற்றொன்று, 1890 முதல் வெளிவரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் இந்தக் கோயிலின் கல்வெட்டுகள் அச்சாகியிருக்கும் தொகுதியின் மின்படி. இரண்டையும் சேர்த்து, ஒவ்வொன்றின் அருகிலும் அங்கே என்ன கிடைக்கும் என்று ஒரு வரி எழுதினேன்.

இலக்கியக் கட்டுரைகளில்தான் இந்தப் பகுதியின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிகின்றன. 1998 பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டம், முழுக்கத் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் உருவான மின்னூல் தொகுப்பு. சங்க நூல்களைப் பற்றிய கட்டுரையிலிருந்து அதற்கு இணைப்புத் தருவதில் எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் அப்படியே. ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 முதல் இயங்கும் நூலகம் திட்டம் இருக்கிறது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது எவையெல்லாம் சாம்பலாயின என்று அறிந்தவர்களுக்கு, ஈழத்துச் சிற்றிதழ் ஒன்றைப் பற்றிய நான்கு வரிக் கட்டுரையின் அடியில் அதன் இதழ்கள் பக்கம் பக்கமாகத் திறந்து கிடப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்லத் தேவையில்லை. திறந்த விக்கித் தளங்களுக்கு இணைப்புத் தருவதைப் பொதுவில் தவிர்க்க வேண்டும் என்று வழிகாட்டலில் ஒரு விதி உண்டு. நூலகம் தளம் விக்கி மென்பொருளில் இயங்குகிறது என்பதற்காக அந்த விதியை அதன்மேல் பாய்ச்சுவது பிழை. வழிப்போக்கர்கள் எழுதி நிரப்பும் தளங்களைப் பற்றிய விதி அது. ஆவணக் காப்பகத்துக்குப் பொருந்தாது.

இனி பலவீனத்துக்கு வருகிறேன். எழுத்தாளர்களைப் பற்றிய கட்டுரைகளில், அவர்களுடைய நூல்களை அச்சுப் புத்தகத்திலிருந்து அப்படியே வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றிவைத்திருக்கும் தளங்களுக்கும் டெலிகிராம் குழுக்களுக்கும் இணைப்பு இடப்படுவது ஓயவில்லை. இதில் நான் எந்த விட்டுக்கொடுத்தலையும் ஏற்கமாட்டேன். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1942-இல் மறைந்த உ. வே. சாமிநாதையரின் நூல்கள் 2003 தொடங்கியபோதே பொதுவுடைமை ஆகிவிட்டன. அவற்றின் மின்படி எங்கிருந்தாலும் தாராளமாகச் சுட்டலாம். பாரதியார் தொடங்கித் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர் பலரின் நூல்களும் அப்படியே. வாழும் எழுத்தாளரின் நாவலோ, மறைந்து இருபது ஆண்டுகளே ஆன ஒருவரின் சிறுகதைத் தொகுப்போ அப்படியன்று. நூலைத் தன் வழங்கியில் (சர்வரில்) வைக்காமல் வேறெங்கோ இருக்கும் திருட்டுப் படிக்கு வழிகாட்டினால் குற்றமில்லை என்று சிலர் வாதாடுகிறார்கள். விக்கிப்பீடியாவின் விதி அந்த வாதத்தை ஏற்பதில்லை; உரிமை மீறல் என்று தெரிந்தே இணைப்பிடுவதும் அந்த மீறலுக்குத் துணைபோவதே என்கிறது. தமிழில் எழுதிப் பிழைப்பது எவ்வளவு கடினம் என்று எல்லோருக்கும் தெரியும். தமிழுக்காக நாம் நடத்தும் கலைக்களஞ்சியமே அந்த எழுத்தாளரின் வருமானத்தில் கைவைக்க வழிகாட்டக் கூடாது.

வழிகாட்டலில் எனக்கு உடன்பாடில்லாத இடமும் ஒன்று உண்டு. வலைப்பூக்களையும் தனிநபர் தளங்களையும் தவிர்க்க வேண்டும், எழுதியவர் அந்தத் துறையில் ஏற்கப்பட்ட வல்லுநராக இருந்தால் மட்டும் விலக்கு என்கிறது அது. ஆங்கிலத்தில் எந்தத் தலைப்பை எடுத்தாலும் பல்கலைக்கழகத் தளமும் அருங்காட்சியகத் தளமும் ஆய்விதழும் இருக்கின்றன. அங்கே இந்தக் கண்டிப்பால் வாசகர் எதையும் இழப்பதில்லை. தமிழில் நிலைமை வேறு. ஊர்ப்புறத் தெய்வங்கள், நடுகற்கள், வட்டார வழக்குச் சொற்கள், பழைய நாடகக் குழுக்கள், சிற்றிதழ் வரலாறு போன்றவற்றைப் பற்றி இணையத்தில் தமிழில் கிடைப்பதில் பெரும்பகுதி, 2000-க்குப் பின் வலைப்பூ எழுதத் தொடங்கிய ஆசிரியர்களும் அஞ்சல் ஊழியர்களும் வங்கி அலுவலர்களும் விடுமுறை நாளில் அலைந்து திரிந்து எழுதியதுதான். அவர்களில் பலருக்குப் பட்டமோ பதவியோ இல்லை. வல்லுநர் யார் என்ற கேள்வியை அப்படியே இங்கே கேட்டால், அந்தத் துறைகளில் சுட்டுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது. அதனால் எழுதியவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னால், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். கல்வெட்டின் படம் இருக்கிறதா, எடுத்த நாளும் இடமும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, சொல்பவர் யாரிடம் கேட்டார் என்று எழுதியிருக்கிறாரா? இவை இருந்தால் அந்த வலைப்பூ ஓர் ஆவணம். இவை இல்லாமல், வேறொரு தளத்திலிருந்து எடுத்து ஒட்டியது என்றால், எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அதற்கு இடமில்லை. இந்தத் தளர்வைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் ஆலமரத்தடியில் (பொது விவாதத்துக்கான பக்கத்தில்) கூடிப் பேசி எழுத்தில் வைப்பது நல்லது என்று எண்ணுகிறேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு தொகுப்பாளரும் தமக்குத் தோன்றியபடி நடக்க நேரிடும்.

தன் சொந்தத் தளத்துக்குத் தானே இணைப்பிடலாமா என்ற கேள்வியில் விதி தெளிவாக இருக்கிறது: இடக் கூடாது. தளம் தகுதியானதாகவே இருந்தாலும், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் முன்மொழிந்துவிட்டு மற்றவர் முடிவுக்கு விட வேண்டும். பலர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். விளம்பரம் கிடைக்கும் என்ற எண்ணத்தில் வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் இந்தச் சிக்கல் குறையும். 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘நோஃபாலோ’ குறியை எல்லா வெளி இணைப்புகளுக்கும் பொருத்தினார்கள். தமிழிலும் அதே ஏற்பாடுதான். தேடுபொறி தரவரிசையில் இந்த இணைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் குறி அது. புதிய பயனர் ஒருவர் இணைப்பை இடும்போது மனிதர்தானா என்று சோதிக்கும் எழுத்துப் புதிரும், எரிதம் (வேண்டாத விளம்பரம்) பரப்பும் தளங்களை எல்லா மொழி விக்கிகளிலும் ஒருசேரத் தடுக்கும் கரும்பட்டியலும் இருக்கின்றன. இவை நன்றாகவே வேலை செய்கின்றன.

அந்தக் கரும்பட்டியலில், நீண்ட இணைய முகவரியைக் குறுக்கித் தரும் முகவரிச் சுருக்கிகளும் அடக்கம். இங்கே தமிழர்களுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை. தமிழ்ச் சொற்கள் அடங்கிய இணைய முகவரியைப் படியெடுத்து ஒட்டினால், ஒவ்வொரு குறியீடும் ஒன்பது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ‘தமிழ்’ என்ற சொல், கணினிக்கு, ஐந்து குறியீடுகளால் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி) ஆனது. முகவரியில் அதுவே சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த 45 எழுத்துகளாக நீளும். ஒரு முழுத் தலைப்பு என்றால் நான்கைந்து வரி. தொகுப்புப் பெட்டியில் அதைப் பார்த்து மிரண்டு, சுருக்கியில் கொடுத்துச் சுருக்கிக் கொண்டுவந்து ஒட்டும் புதியவரை, சேமிக்கும் இடத்தில் கரும்பட்டியல் தடுத்துவிடுகிறது. என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் அவர் போய்விடுகிறார். சுருக்கிக்குப் பின்னால் எந்தத் தளம் இருக்கிறது என்று பார்க்க முடியாது என்பதால் தடை சரியே. நீளமான முகவரியை அப்படியே இடலாம், கட்டுரையில் தலைப்பு மட்டுமே தெரியும் என்று அந்த அறிவிப்பிலேயே தமிழில் இரண்டு வரி சொன்னால் போதும்.

அழிந்துபோன இணைப்புகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை நிறைவுறாது. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது உலகெங்கும் எண்ணற்ற தனிநபர் தளங்கள் ஒரே நாளில் காணாமற்போயின. அவற்றைச் சுட்டிய இணைப்புகள் மட்டும் மிஞ்சின. இத்தகைய இணைப்புகளை இணைய ஆவணகத்தின் (இன்டர்நெட் ஆர்கைவ்) தானியங்கி நிரல் தேடிப் பிடித்து, அதன் பழைய பக்கச் சேமிப்பான வந்தவழி இயந்திரத்தில் (வேபேக் மெஷின்) உள்ள பழைய படிக்குத் திருப்பிவிடுகிறது. 2018-க்குள் பல மொழி விக்கிப்பீடியாக்களில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை இப்படி மீட்டதாக அந்த ஆவணகம் அறிவித்தது. தமிழில் அப்படி மீட்ட இணைப்பின் அருகில் ‘பரணிடப்பட்டது’ என்று நாளோடு இருக்கும். படி கிடைக்காவிட்டால் ‘தொடர்பிழந்த இணைப்பு’ என்று வரும். பரண் என்ற சொல்லை இதற்குத் தேர்ந்தெடுத்தவரை ஒவ்வொரு முறையும் மனத்துக்குள் வாழ்த்துகிறேன். வீட்டில் அன்றாடம் தேவைப்படாத, ஆனால் தூக்கி எறிய மனம் வராத பொருளை ஏற்றிவைக்கும் இடம் அதுதானே.

தானியங்கியால் முடியாத இரண்டு உண்டு. முகவரிக்குரிய காலம் முடிந்து, அந்தப் பெயரை வேறொருவர் வாங்கிச் சூதாட்டத் தளம் வைத்திருந்தால், பக்கம் திறக்கிறது என்பதால் தானியங்கி பெரும்பாலும் அதை உயிருள்ள இணைப்பாகவே கருதிவிடும். அதை மனிதர்தான் திறந்து பார்க்க வேண்டும். மற்றொன்று எழுத்துரு. ஒருங்குறி (யூனிகோடு) என்ற பொதுக் குறியாக்கம் பரவுவதற்கு முந்தைய தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டாம், டாப் என்ற குறியாக்கங்களிலும், நாளிதழ்கள் தத்தமக்கென வைத்திருந்த எழுத்துருக்களிலும் எழுதப்பட்டவை. பரணிலிருந்து இறக்கினால் பக்கம் முழுதும் புரியாத குறிகளாகத்தான் தெரியும். மேலே சொன்ன கோயில் கட்டுரையில் திறக்காமல் கிடந்த பழைய தளமும் இப்படித்தான். அதன் படி 2003 நாளிட்டுப் பரணில் இருந்தது, எழுத்து டிஸ்கி. மாற்றியில் இட்டுப் படித்தபோது, ஊர்க்காரர் ஒருவர் எழுதிய தலவரலாறு தெளிவாக வந்தது. படிக்க முடியவில்லை என்று நீக்கியிருந்தால் போயிருக்கும். எந்தக் குறியாக்கம், எதைக் கொண்டு மாற்றலாம் என்ற குறிப்போடு அதை வைத்திருக்கிறேன்.

பெருங்குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது இணைப்புகளின் அருகில் விளக்கம் இல்லாமை. ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது அதன் வெளி இணைப்புகளும் கூடவே வந்து, ஆங்கிலத் தலைப்போடு அப்படியே தங்கிவிடுகின்றன. வேதியியல் கட்டுரையைப் படித்துவிட்டுக் கீழே வரும் பத்தாம் வகுப்பு மாணவிக்கு, அந்த ஆறு இணைப்புகளில் எது தமிழில் இருக்கிறது, எது படம், எது 200 பக்கப் பிடிஎஃப் என்று திறக்காமல் தெரிய வழியில்லை. ஆறையும் இரண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு வரி எழுதுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மொழிபெயர்ப்பாளர்கள் ஒதுக்க வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கோயில் கட்டுரையின் அடியில் இப்போது ஐந்து இணைப்புகள் இருக்கின்றன: அறநிலையத் துறையின் பக்கம், மின்தேவாரம், கல்வெட்டுத் தொகுதி, பரணிலிருந்து வந்த தலவரலாறு, தமிழாசிரியரின் வலைப்பூ. கடைசியாகச் சொன்னதை வைக்கலாமா என்று பேச்சுப் பக்கத்தில் கேட்டிருந்தேன். அந்த ஊரைச் சேர்ந்த பயனர் ஒருவர் பதில் எழுதினார். அர்த்தமண்டபத் தென்சுவரின் கல்வெட்டை ஆசிரியர் 2009-இல் எடுத்த படங்களில் காணும் கடைசி மூன்று வரிகள், அதன் பிறகு நடந்த திருப்பணியில் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைந்துவிட்டன என்றும், இன்று நேரில் போனாலும் அவற்றைப் படிக்க முடியாது என்றும் அவர் தெரிவித்தார். அதன்பின் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. “ஐயா, அந்தப் படங்களைக் கட்டற்ற உரிமத்தில் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்ற இசைவீர்களா?” என்று, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் அந்தத் தளத்தைச் சுட்டி ஆசிரியருக்கு எழுதிக் கேட்டேன். பழைய கணினியில் இருக்கும் மூலப் படங்களைத் தேடி எடுத்துத் தருவதாகப் பதில் வந்திருக்கிறது. அவை பொதுவகத்துக்கு வந்து கட்டுரைக்குள்ளேயே இடம்பெறும்வரை வலைப்பூ இணைப்பு அங்கே இருக்கும்.